கோழி பதனிடும் தொழிற்சாலைக்குப் போகலாமா?

கேள்வி: நான் தம்பலகாமத்தைச் சேர்ந்தவள். வயது 22. உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்தேன். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. குருநாகல் பக்கம் உள்ள ஒரு கோழி பதனிடும் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்க ஒருவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். நாளுக்கு 1,800 ரூபாய், தங்குமிடம் இலவசம் என்கிறார். திருகோணமலை நகரத்தில் இன்னொருவர் ருமேனியாவில் இறைச்சித் தொழிற்சாலை வேலை இருக்கிறது, ஒன்பது இலட்சம் ரூபாய் கட்டவேண்டும் என்கிறார். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "உயிரை வெட்டுகிற இடத்துக்கு என் பிள்ளை போக வேண்டாம்" என்று அழுகிறார். இந்தத் துறையில் எதிர்காலம் இருக்கிறதா? இனி எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடும் என்கிறார்களே?
வாசகி, தம்பலகாமம்

பதில்:

மகள், உங்கள் கடிதத்தை வாசித்ததும் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு உட்கார்ந்தேன். 2003 இல், போர்நிறுத்தம் வந்து கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில், பாலையூற்றிலிருந்து ஐந்து பிள்ளைகளோடு இதே மாதிரியான ஒருவருடைய வான் வண்டியில் ஏறி இதே வேலைக்குப் போனவள் நான். கம்பஹா மாவட்டத்தில் ஒரு கோழித் தொழிற்சாலை. நான்கு ஆண்டுகள் வெட்டுமேசை, பிறகு பதினோர் ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. இன்று உணவுப் பாதுகாப்புப் பயிற்றுநராக நான் பிழைப்பது அங்கே கற்றதை வைத்துத்தான். ஆகவே அந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போகலாம். ஆனால் உங்கள் ஊருக்கு வந்தவர் காட்டும் வழியில் போகவேண்டாம். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். நம் மாவட்டத்தில் இறைச்சித் தொழில் என்றாலே மாடறுக்கும் மடுவமும் சந்தைக் கடையும்தான் நினைவுக்கு வரும். மாட்டிறைச்சிக் கடையை உள்ளூராட்சி சபை ஆண்டுக் குத்தகைக்கு விடும். எடுத்தவரும் இரண்டு மூன்று கையாட்களுமாகத் தொழில் நடக்கும். தகப்பனின் கத்தி மகனுக்குப் போகும். அந்தப் பக்கம் வெளியாருக்கு வேலை பெருகப் போவதில்லை. 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. சட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத தொழிலில் புதிதாக முதல் போட யாருக்கு மனம் வரும்?

வளர்ந்தது கோழி. ஓர் இலங்கையர் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 10 கிலோ கோழியிறைச்சி உண்கிறார். மற்ற இறைச்சிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்குக் கிட்ட வராது. கறிக்கோழி 35 முதல் 42 நாட்களில் ஆயத்தமாகிவிடும். குஞ்சு பொரிப்பகம், பண்ணை, தீவன ஆலை, பதனிடும் தொழிற்சாலை என்று எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்திருக்கும் கம்பனிகள் மேல் மாகாணத்திலும் வடமேல் மாகாணத்திலும் வேரூன்றிவிட்டன. நம் சீனக்குடாவில் பிரிமா ஆலை கோதுமையை அரைக்கிறது. அரைத்து மிஞ்சும் தவிடு கால்நடைத் தீவனமாகிறது. கோழியோ உறைந்த பொதியாக லொறியில் ஏறி உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு வந்து சேருகிறது. தவிட்டுக்கும் பொதிக்கும் இடையில் இருக்கும் அத்தனை வேலையும் வேறு மாகாணங்களில் நடக்கிறது. இது என் நெடுநாள் மனக்குறை. அதனால்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் பெட்டி கட்டவேண்டியிருக்கிறது.

இந்தத் துறை ஆட்டம் காணாதது என்று நினைத்துவிடவும் வேண்டாம். கோழி வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனம், அதிலும் சோளம். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்தது. அடுத்த ஆண்டு டொலர் இல்லாமல் இறக்குமதியும் முடங்கியது. கோழியிறைச்சி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. பண்ணையில் குஞ்சு குறைந்தால் தொழிற்சாலையில் வேலைமுறை (ஷிப்ட்) குறையும். அப்படிக் குறைக்கும்போது "நாளைக்கு வரவேண்டாம்" என்ற சொல் முதலில் யாரிடம் சொல்லப்படுகிறது தெரியுமா? தொழிற்சாலைக்கு ஆள் திரட்டித் தரும் ஒப்பந்தகாரர் மூலம் வந்தவர்களிடம். கம்பனியின் சொந்தப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவரை அப்படி ஒரே இரவில் நிறுத்திவிட முடியாது.

இயந்திரம் பற்றிய பயம் பாதி உண்மை. கொக்கியில் தொங்கும் கோழியைச் சுடுநீரில் அமிழ்த்தி இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது, கழுவுவது, குளிர்நீரில் இட்டு 4 பாகைக்கு இறக்குவது எல்லாம் பெரிய இடங்களில் இயந்திரத்தின் வேலையாகிவிட்டன. ஐரோப்பாவில் ஒரே வரிசையில் மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கோழிகளை ஓட்டும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எலும்பு நீக்கவும் அங்கே இயந்திரம் உண்டு. நம் நாட்டில் அந்த வேலை இன்னும் பெரும்பாலும் கையில்தான் நிற்கிறது. இரண்டு கோழிகள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது ஒரு காரணம். கத்தி முனை எலும்பைத் தொட்டதை மணிக்கட்டு உணர்ந்து அந்தக் கணத்திலேயே திரும்பும். அந்தத் திருப்பத்தை இயந்திரத்துக்குப் பழக்க நிறையப் பணம் வேண்டும். மற்றக் காரணத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: நம் பிள்ளைகளின் கூலி மலிவு. மலிவாக இருக்கும் வரை இயந்திரம் வாங்க முதலாளிக்கு அவசரமில்லை. ஆகவே வெட்டுமேசையில் இன்னும் பல ஆண்டுகள் ஆள் தேவைப்படும். ஆனால் அங்கே நிற்கிறவருக்கு விலை பேசும் பலம் அதிகரிக்காது.

பலம் கூடுவது வேறு இடத்தில். சூப்பர் மார்க்கெட்டுகளும் ஹோட்டல்களும், உணவு கெட்டுப்போகக்கூடிய ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணிக்கும் எச்.ஏ.சி.சி.பி. முறைக்கான சான்றிதழைக் கேட்கின்றன. கேட்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் வெப்பநிலைப் பதிவு, கழுவிய பதிவு, மாதிரி எடுத்த பதிவு வேண்டும். அவற்றை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். குளிரறையைத் திருத்தத் தெரிந்தவர், மின்னியலாளர், குளிரூட்டிய லொறியைப் பொறுப்போடு ஓட்டுகிறவர் எல்லோரும் தட்டுப்பாடு. சொசேஜ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சியையும் கொழுப்பையும் ஐஸ் போட்டு அரைக்கும்போது கலவை 12 பாகைக்கு மேல் சூடேற விடக்கூடாது. விட்டால் கொழுப்புப் பிரிந்து முழுத் தொகுதியும் வீணாகும். முன்பு பத்துப் பேர் நின்ற அந்த அறையில் இப்போது அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவருக்குக் கிடைக்கும் சம்பளம் பழைய பத்துப் பேரில் யாருக்கும் கிடைத்ததில்லை.

நான் மேசையிலிருந்து நகர்ந்ததும் அப்படித்தான். தரப் பிரிவில் இருந்த பெண் ஒரு நாள் வரவில்லை. மேற்பார்வையாளர் வந்து இங்கே யார் உயர்தரம் படித்தது என்று கேட்டார். கையை உயர்த்தினேன். வெப்பமானியின் ஊசியை நெஞ்சிறைச்சியின் தடித்த இடத்தில் குத்தி, எண் நிலைக்கும் வரை பொறுத்திருந்து எழுதச் சொன்னார். 6.2 என்று வந்தது. 4 இருக்கவேண்டிய இடத்தில் 6.2. "இதை எழுதட்டுமா, மீண்டும் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "இரண்டையும் செய்" என்றார். அந்த நாளை நான் மறக்கவில்லை. நீங்கள் படித்த பாடத்தில் நுண்ணுயிரும் உணவுப் பதனிடலும் இருக்கின்றன. 6.2 பாகையில் என்ன பெருகும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். அந்த அறிவோடு போகிறவர் ஆண்டுக்கணக்கில் மேசையில் நின்றுவிடக்கூடாது.

இனி அந்த 1,800 ரூபாய். தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 2025 ஏப்ரலில் 1,080 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 1,200 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது. அதோடு பார்த்தால் 1,800 நல்ல தொகைதான். ஆனால் அந்த மனிதர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் போகவேண்டும். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் போடவேண்டும். 1,800 ரூபாய்க்கு முதலாளியின் பங்கு மட்டும் நாளுக்கு 270 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 7,020 ரூபாய். ஓர் ஆண்டில் 84,240 ரூபாய். நாட்கூலி, தற்காலிகம், துண்டுக்கூலி என்ற பேச்சே இதில் கிடையாது. வேலைக்கு ஏறிய முதல் நாளிலிருந்தே இது உரியது. பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்தால், வேலையை விட்டு விலகும்போது பணிக்கொடையும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஓர் ஆண்டுக்குப் பதினான்கு நாள் சம்பளம். ஐந்து ஆண்டுக்கு 1,26,000 ரூபாய். ஒப்பந்தகாரர்கள் சிலர் பதினோராவது மாதத்தில் ஆளை நிறுத்திப் பெயரை மாற்றி மீண்டும் எடுப்பது இந்த ஐந்து ஆண்டு ஒருநாளும் முடியக்கூடாது என்பதற்காகத்தான்.

நான் மேசையில் நின்ற நான்கு ஆண்டுகளில் முதல் மூன்றும் ஓர் ஒப்பந்தகாரரின் கீழ். மாதாமாதம் சம்பளச் சீட்டில் 8 வீதம் கழிந்தது. கம்பனி என்னைத் தன் பதிவேட்டில் சேர்த்தபோது பழைய கணக்கைத் தேடினேன். ஒரு சதமும் வைப்பிலிடப்பட்டிருக்கவில்லை. அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. கூடவே வந்த பாலையூற்றுப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அதே கதி. அதில் ஒருத்தி தங்கையின் கல்யாணத்துக்கு என்று அந்தப் பணத்தை மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தவள். இருபது ஆண்டு கழித்தும் இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே அவரிடம் சம்பளத்தைப் பற்றி இனி ஒன்றும் கேட்கவேண்டாம். நியமனக் கடிதம் யாருடைய பெயரில் வரும் என்று மட்டும் கேளுங்கள். தொழிற்சாலையின் பெயரிலா, தன்னுடைய பெயரிலா? தன் பெயரில் என்றால், அந்தத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள். ஆள் தட்டுப்பாடாக இருப்பதால்தானே தம்பலகாமம் வரை வந்திருக்கிறார்கள். நேரடியாகப் போகிற உயர்தரம் படித்த பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். விண்ணப்பத்தில் வெட்டுமேசை என்று எழுதாமல் தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் என்று எழுதுங்கள். மேசைதான் இருக்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். எத்தனை மாதத்தில் மற்றப் பிரிவுக்கு மாறலாம் என்பதை மட்டும் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேசை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். அறை 10, 12 பாகைக் குளிரில் இருக்கும். எட்டு மணிநேரமும் நின்றபடிதான். இடது கையில் இரும்பு வலைக் கையுறை, அதன்மேல் இறப்பர். ஒரு தொடையை எடுத்து, எலும்பு நெடுக ஒரு கீறு, மூட்டைச் சுற்றி ஒரு திருப்பு, இழுப்பு. அடுத்த தொடை. கத்தி மழுங்கினால் மணிக்கட்டு இரட்டிப்பு வேலை செய்யும். அதனால் தீட்டுகோலைப் பக்கத்திலேயே வைத்து, கூச்சப்படாமல் அடிக்கடி தீட்டவேண்டும். தேநீர் இடைவேளையில் எங்கள் மேசையில் ஒருவரும் உடனே குடிக்கமாட்டார்கள். கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு விரல் திறபடும் வரை இருப்பார்கள். மூன்றாம் மாதம் எனக்குக் காலையில் சீப்பைப் பிடிக்க முடியாமல் போனது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன. வெட்கப்பட்டு மறைத்தேன். மறைத்தது பிழை. விரல் மரத்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு நிலைக்கு மாற்றிக் கேளுங்கள், மருத்துவக் குறிப்பும் எடுத்து வையுங்கள். இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை ஆட்களை நிலை மாற்றும் வழக்கம் அந்தத் தொழிற்சாலையில் உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். அந்த ஒரு கேள்விக்கான பதிலிலேயே நிருவாகத்தின் குணம் தெரிந்துவிடும்.

இரவு வேலை இருக்கும். விருப்பமில்லாத பெண்ணை இரவில் வேலை செய்ய வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. விரும்பிச் செய்தாலும் மாதத்தில் பத்து இரவுக்கு மேல் கூடாது, சம்பளம் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, பெண் பொறுப்பாளர் ஒருவரும் ஓய்வறையும் இருக்கவேண்டும். தங்குமிடத்தைப் பார்க்காமல் கையொப்பம் வைக்கவேண்டாம். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கந்தளாய் தாண்டி தம்புள்ளை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் மத்தியானத்துக்குள் குருநாகல்.

ருமேனியா விடயத்தில் என் பதில் சுருக்கமானது: இப்போது வேண்டாம். ஒன்பது இலட்சத்தை வட்டிக்கு வாங்கி, கத்தி பிடித்துப் பழகாத கையோடு போவது மிகப் பெரிய ஆபத்து. இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. 2020 ஜூனில் ஜெர்மனியில் ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கொவிட் தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் உப ஒப்பந்தகாரர்கள் கொண்டுவந்து நெருக்கமான விடுதிகளில் தங்கவைத்தவர்கள். நாடே அதிர்ந்தது. 2021 ஜனவரி முதல் இறைச்சித் தொழிலில் அறுக்கவும் வெட்டவும் உப ஒப்பந்த ஆட்களை வைக்கக்கூடாது, தொழிலாளி கம்பனியின் சொந்தப் பதிவேட்டில் இருக்கவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல கூலி தேடி ருமேனியர் மேற்கே போய்விட்ட இடங்களுக்குத்தான் இன்று நம் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். இங்கே இரண்டு மூன்று ஆண்டு வேலை செய்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் கையில் இருந்தால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் பணம் கொடுப்பதற்கு முன் அந்த முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும், அந்த வேலைக்கே அவர் அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்துங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுக்கிறவரோடு பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

அம்மாவின் கண்ணீருக்கு என்ன எழுதுவது என்றுதான் அதிக நேரம் யோசித்தேன். என் அம்மாவும் அழுதவர்தான். முதல் தடவை லீவில் வந்தபோது கிணற்றடியில் வைத்துத் தலையில் நீர் வார்த்த பிறகுதான் படலைக்குள் விட்டார். அதை நான் அவமதிப்பாக எடுக்கவில்லை. ஆதிகோணநாயகரைத் தொழுது வளர்ந்த வீட்டில் அந்தத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அம்மா மனதில் காண்கிற காட்சி வேறு, நீங்கள் நிற்கப்போகும் இடம் வேறு. ஹலால் முறையில் இயங்கும் தொழிற்சாலையில் அறுப்பது அதற்கென நியமித்த முஸ்லிம் ஆண்கள். அந்தப் பகுதி சுவரால் பிரிக்கப்பட்டிருக்கும். சுகாதார விதிப்படியே அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் ஆள் போய்வர முடியாது, பூட்ஸின் நிறம்கூட வேறு. பதினைந்து ஆண்டில் நான் அந்தக் கதவுக்குள் போனது தணிக்கைக்காக மட்டும்தான். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். சொல்லிய பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அல்லது உங்களுக்கே அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதில் குற்றம் எதுவும் இல்லை. உணவைக் கடைசிவரை குளிரிலேயே வைத்துக் கொண்டுசெல்லும் குளிர்ச் சங்கிலியும் எச்.ஏ.சி.சி.பி.யும் மீன் பதனிடும் இடத்திலும் பாற்பண்ணையிலும் ஹோட்டல் சமையலறையிலும் அதே பாடம்தான். கற்றது எங்கும் வீணாகாது.

இந்த வாரமே செய்யவேண்டியது இரண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் உணவுப் பதனிடல் தொடர்பான தகைமைக்கு என்ன வழி என்று கேளுங்கள். வேலை செய்து பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு என்பதால் வேலைக்குப் போனபின்னும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். மற்றது, உணவைக் கையாளுகிறவருக்கான மருத்துவச் சான்றிதழை இங்கேயே எடுத்துவிடுங்கள். அங்கே போய் எடுத்தால் அந்த நாள் சம்பளம் போய்விடும்.

ஒப்பந்தம் அநேகமாகச் சிங்களத்தில் இருக்கும். "இதில் ஒன்றுமில்லை, சும்மா கையொப்பம் வையுங்கள்" என்பார்கள். தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி வாசித்துச் சொல்கிறேன், அதுவரை பேனையைத் தொடவேண்டாம். போவது உறுதியானால் தடித்த காலுறை இரண்டு சோடி வாங்கி வையுங்கள். கம்பனி பூட்ஸ் தரும், காலுறை தராது. அந்தத் தரையின் குளிர் இறப்பரைத் தாண்டி முழங்கால் வரை ஏறும்.